தோணிக்கு எத்தனை புள்ளி

நோபேட் முதன்முதலில் வரைந்த வரைபடத்தைக் கண்ணகை அடுப்பில் போட்டு எரித்தாள்.

அப்போது அவனோடு அவளுக்குப் பெரிய பழக்கம் இல்லை. கொக்கட்டிச்சோலையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள், நாவற்குடாவில் அவனுடைய அக்கா ஜோசப்பினின் வீட்டு முன்னறையில் குடியிருந்தாள். பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை. தாயும் தகப்பனும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே ஊரிலேயே நின்றுவிட்டார்கள். அந்தக் கரையில் போராளி இயக்கம், இந்தக் கரையில் இராணுவம். நடுவில் தண்ணீர். கடக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நோபேட் படவரைஞன். கிணறு கட்டிக் கொடுத்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் வேலை செய்தான். அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனபின் வேலையில்லாமல் அக்காவின் வீட்டுக்கு வந்திருந்தான். அந்த நிறுவனத்துப் பொறியியலாளர் ஒருவர் அவனுக்கு ஒரு விளையாட்டைப் பழக்கியிருந்தார். மேசையில் விரிக்கிற வரைபடம். அதன் மேல் இரண்டு படைகள். சதுரங்கத்தைப் போல இரண்டு பேருக்கும் ஒரே படை கிடையாது. இருவருக்கும் சம அளவு புள்ளி கிடைக்கும். அதைக் கொண்டு யார் எதை விரும்புகிறாரோ அதை வாங்கலாம். ஒருவர் குதிரையாக வாங்குவார், மற்றவர் காலாட்படையாக வாங்குவார். பொறியியலாளர் போகும்போது பெட்டியையும் கொண்டு போய்விட்டார். நோபேட் தானே ஒன்று செய்வதென்று உட்கார்ந்தான்.

கைப்பழக்கம் பொல்லாதது. தரைக்கு நடுவே தண்ணீர் வேண்டுமென்று கோடு இழுத்தவனுக்கு, மட்டக்களப்பு வாவி அப்படியே வந்துவிட்டது. மண்முனைத் துறை, முகத்துவாரம், தண்ணீருக்குள் நிற்கும் சின்னத் தீவுகள், எல்லாம். அதன் மேல் சிறு கட்டங்களில் எண்கள் எழுதி, அம்புக்குறிகளும் போட்டு வைத்திருந்தான். சுடுதண்ணீர் எடுக்கக் குசினிக்கு வந்த கண்ணகை அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"இது என்ன?"

"விளையாட்டு ரீச்சர். ரெண்டு பேர் விளையாடுறது."

"விளையாட்டெண்டு நீங்க சொல்லி முடிக்க முன்னம் உங்கள ஜீப்பில ஏத்திருவாங்க. அக்காவையும் என்னையும் சேத்து."

அவள் தாளைச் சுருட்டி அடுப்புக்குள் வைத்தாள். அவன் தடுக்கவில்லை. அது கருகி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேற நாடு ஒண்டு கீறுறன்," என்றான்.

"கீறுங்க. இல்லாத நாடாக் கீறுங்க."

அந்த வாரமே இல்லாத நாடு தயாரானது. தேனடைபோல ஆறு பக்கக் கட்டங்கள். வடக்கில் மலை, தெற்கில் காடு, பெயர்கள் எல்லாம் கற்பனை. ஆனாலும் நடுவில் தண்ணீர் ஓடியது. அது இல்லாத நாட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஜோசப்பின் தையல்காரி என்பதால் படைக்குக் குறைவில்லை. சட்டைப் பொத்தான் வில்லாள், கோட்டுப் பொத்தான் யானை, தாயம் ஆடுகிற சோகி குதிரை. காலாளுக்குப் புளியங்கொட்டை. பாக்கு மட்டையில் வெட்டிய துண்டு தோணி.

பள்ளி விட்டு வந்த ஒரு பின்னேரம் கண்ணகை மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். வரைபடத்தின் ஓரத்திலிருந்த விலைப்பட்டியலைப் படித்தாள். காலாள் மூன்று, வில்லாள் ஐந்து, குதிரை எட்டு, யானை இருபது, தோணி ஆறு. ஆளுக்கு நூறு புள்ளி.

"யானைக்கு இருபது எண்டு என்னெண்டு கண்டீங்க?"

அவன் விளக்கினான். ஒரு காய் எவ்வளவு பலமாக அடிக்கும், எத்தனை கட்டம் நகரும், எத்தனை அடி தாங்கும் என்று மூன்றையும் பெருக்கிச் சுருக்கிய கணக்கு. கேட்க அழகாகத்தான் இருந்தது. கண்ணகை நூறு புள்ளிக்கும் ஐந்து யானை வாங்கினாள். வேறு எதுவும் வாங்கவில்லை. தேநீர் ஆற முன்னமே அவனுடைய வில்லாட்களும் குதிரைகளும் மேசையின் ஓரத்தில் கிடந்தன.

"இன்னொருக்கா," என்றான் நோபேட்.

மறுபடியும் ஐந்து யானை. மறுபடியும் அதே முடிவு.

அவன் யானையின் விலையை முப்பதாக்கினான். அதற்குப் பிறகு யாரும் யானை வாங்கவில்லை. கோட்டுப் பொத்தான்கள் சும்மா கிடந்தன. இருபத்தைந்தாக்கியபோது அவள் ஒரு யானையை வாங்கி, அதன் நிழலில் காலாட்களை நடத்தி வந்தாள். யானை மட்டும் தனியே நின்றால் அந்த விலை அதிகம். காலாளோடு நின்றால் குறைவு. கண்ணகைக்கு அது பிடித்திருந்தது.

"உங்கட கணக்கு ஒவ்வொரு காயையும் தனியா வச்சுப் பாக்குது," என்றாள். "பக்கத்தில என்ன நிக்குதோ அதிலதானே பெறுமதி இருக்கு."

"அப்ப என்னெண்டு விலை போடுற? பக்கத்தில என்ன நிக்குமெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அதற்கு வழியும் நோபேட்டுக்குத்தான் தோன்றியது. விலையைத் தான் தீர்மானிப்பதை விட்டுவிட்டு ஏலம் விடலாம் என்றான். மலிவான காலாளை விட்டுவிட்டு, மற்ற ஒவ்வொரு காய்க்கும் இருவரும் தனித்தனித் துண்டில் விலை எழுதுவது. கூடுதலாக எழுதியவர் அந்த விலைக்கே எடுத்துக்கொள்வது. கூடக் கொடுத்து எடுத்தவர் தோற்றால் அடுத்த முறை குறைத்து எழுதுவார். விலை தானாகத் தன் இடத்துக்கு வந்து நிற்கும்.

அப்படித்தான் நடந்தது. மழைக்காலம் வந்து, வாவி நிரம்பி, மீண்டும் வற்றத் தொடங்கும்வரை அவர்கள் விளையாடினார்கள். யானை இருபத்துமூன்றில் வந்து நின்றது. குதிரை ஏழுக்கு இறங்கியது. வில்லாள் ஐந்திலிருந்து அசையவே இல்லை. அதில் நோபேட்டுக்குக் கொஞ்சம் பெருமை. ஜோசப்பின் தையல் மெசினில் இருந்தபடியே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"வெளியில சண்டை போதாதெண்டு வீட்டுக்குள்ளயும் வச்சிருக்கிறீங்க," என்பாள். ஆனால் பொத்தான் தொலைந்தால் தேடிக் கொடுப்பவளும் அவள்தான்.

ஷெல் சத்தம் தூரத்தில் கேட்கும் நாட்களில் மூவரும் பேசாமல் இருப்பார்கள். சத்தம் நின்றதும் யாராவது ஒருவர் "யாருடைய முறை?" என்று கேட்பார். அந்தக் கேள்வி அந்த வீட்டில் ஒரு ஆறுதலாகவே ஆகிப்போனது. பாடசாலையில் வரவு குறைந்து குறைந்து வந்த அந்த மாதங்களில், வீட்டுக்குப் போனால் யோசிக்க ஒன்று இருக்கிறது என்பதே கண்ணகைக்குப் பெரிய விஷயமாக இருந்தது. நோபேட் சவரம் செய்யத் தொடங்கியிருந்தான். அதை ஜோசப்பின் மட்டும் கவனித்தாள்.

தோணி மட்டும்தான் எந்த விலையிலும் நிற்கவில்லை.

நோபேட் ஆறுக்கு மேல் எழுதவே மாட்டான். கண்ணகை ஒன்பது எழுதி எல்லாத் தோணியையும் எடுத்துவிடுவாள். எடுத்து, வில்லாட்களை ஏற்றி, நடுத் தண்ணீரில் நிறுத்திவிடுவாள். அங்கிருந்து அவர்கள் இரண்டு கரைக்கும் எய்வார்கள்; அவர்களை யாரும் தொட முடியாது. சில நாள் அவள் வென்றாள். சில நாள் தோணிக்குக் கொடுத்த புள்ளியால் தரையில் ஆளில்லாமல் தோற்றாள். தோற்றாலும் விலையைக் குறைக்கவில்லை.

"ஏலத்தில தோத்தவர் குறைக்கோணும். அதுதான் விதி," என்றான் அவன் ஒருநாள், கொஞ்சம் சூடாகவே. "நீங்க விளையாட்டுக்கு விலை போடல்ல. ஊருக்குப் போறதுக்கு விலை போடுறீங்க."

கண்ணகையின் முகம் மாறியது.

"ஓம். போடுறன். மறுகரையில வீடு இருக்கிற ஆளுக்குத்தான் தோணிட விலை தெரியும். நீங்க டவுனுக்குள்ள பிறந்து டவுனுக்குள்ள இருக்கிற ஆள்."

அவள் எழுந்து முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் காய்களைப் பொறுக்கித் தகர ரின்னில் போட்டு, வரைபடத்தைச் சுருட்டித் தன் பழைய வரைதாள்களோடு வைத்தான். சொன்னது பிழை என்று அவனுக்குத் தெரிந்தது. காலையில் சொல்லலாம் என்று படுத்தான்.

காலையில் இராணுவச் சுற்றிவளைப்பு. ஆண்களை மைதானத்துக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கி கூப்பிட்டது. வீடுகளைச் சோதித்த சிப்பாய்கள் வரைதாள் சுருள்களை ஒவ்வொன்றாக விரித்தார்கள். கிணற்றுப் படங்களுக்கு நடுவில் இல்லாத நாடு இருந்தது. தண்ணீர், கரை, கட்டங்கள், ஓரத்தில் எண்கள், எண்களுக்குப் பக்கத்தில் கண்ணகையின் கையெழுத்தில் திருத்தங்கள். பொத்தான் ரின்னையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மைதானத்திலிருந்து மற்ற ஆண்கள் மத்தியானம் வீடு திரும்பினார்கள். நோபேட் வரவில்லை.

அடுத்த நாள் ஜோசப்பினும் கண்ணகையும் முகாம் வாசலில் நின்றார்கள். ஜோசப்பின் வாய்க்குள்ளே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ வராத புள்ள," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள். "உன்ர ஐடென்ரிக் காட்டில கொக்கட்டிச்சோலை எண்டு கிடக்கு. அதப் பாத்தா உன்னையும் விடாங்க."

"அந்தத் தாளில என்ர எழுத்தும் இருக்கு அக்கா," என்றாள் கண்ணகை.

வெயில் உச்சிக்கு வந்தபின் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு கப்டன் இருந்தார். மேசையில் வரைபடம் விரித்துக் கிடந்தது. அவருக்குத் தமிழ் அரைகுறை, அவளுக்குச் சிங்களம் அரைகுறை, ஆங்கிலத்தில் பேசினார்கள். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். அது நோபேட் சொன்னதை எழுதியெடுத்தது என்று அவளுக்கு விளங்கியது.

"இது விளையாட்டு என்கிறான். நீயும் விளையாடினாயா?"

"ஆம்."

"யானைக்கு என்ன எண்?"

"இருபத்துமூன்று."

"ஏன் இருபத்துமூன்று? இருபத்தைந்து என்று எழுதி வெட்டியிருக்கிறதே."

அவள் சொன்னாள். ஐந்து யானை வாங்கியதையும், முப்பதாக்கிப் பார்த்ததையும், பக்கத்தில் காலாள் நிற்பதால் வரும் வித்தியாசத்தையும், பிறகு ஏலத்தையும் சொன்னாள். வகுப்பில் பாடம் எடுப்பதுபோலத் தன் குரல் நிதானமாக வருவது அவளுக்கே வியப்பாக இருந்தது. கப்டன் தாளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டார். குதிரை ஏழு. வில்லாள் ஐந்து. காலாள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டார். ஒவ்வொன்றும் தாளில் இருந்ததோடு பொருந்தியிருக்க வேண்டும். அவர் எதையும் மறுக்கவில்லை.

"தோணி?"

அவள் நிறுத்தினாள். நோபேட் ஆறு என்றுதான் சொல்லியிருப்பான். தானும் ஆறு என்று சொன்னால் எல்லாம் பொருந்திவிடும். ஆனால் அவன் அடிபட்டு, பயந்து, அவளுடைய பதிலோடு பொருந்தட்டுமென்று ஒன்பது என்று சொல்லியிருந்தால்? அவன் எதைச் சொல்லியிருப்பான் என்று ஊகிக்கப் போனால் அதற்கு முடிவே இல்லை. முந்தாநாள் மாலைவரை எது தன் விலையோ அதைச் சொல்வதுதான் நிலத்தில் கால் வைத்து நிற்பது என்று அவளுக்குப் பட்டது.

"ஒன்பது," என்றாள். "அவர் ஆறு என்று சொல்லியிருப்பார். அது பிழை."

கப்டன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வாசலில் நின்ற சிப்பாயிடம் ஏதோ சொன்னார். சற்று நேரத்தில் நோபேட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு பக்க உதடு வீங்கியிருந்தது. வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். கண்ணகையைக் கண்டதும் அவன் முகத்தில் வந்த பயம், தனக்காக வந்ததல்ல.

"தோணி எத்தனை?" என்று கப்டன் தமிழிலேயே கேட்டார்.

"ஆறு."

"இவள் ஒன்பது என்கிறாள்."

நோபேட் கண்ணகையைப் பார்த்தான். வீங்கிய உதடு அசைந்தது.

"ரீச்சர், ஒன்பதுக்கு ஒருத்தரும் வாங்காங்க."

"நான் வாங்கினன்தானே. வாங்கி வெண்டும் இருக்கன்."

"வெண்டது வில்லாளால. தோணியால இல்ல. அந்த வில்லாளத் தரையில விட்டிருந்தாலும் வெண்டிருப்பீங்க."

"தரையில விட்டா உங்கட குதிரை வந்து மிதிக்கும். தண்ணிக்குள்ள மிதிக்குமா?"

"அதுக்குத்தான் சொல்றன், அது தோணிட பிழை இல்ல..."

"போதும்," என்றார் கப்டன்.

இருவரும் அப்போதுதான் எங்கே நிற்கிறோம் என்று உணர்ந்தவர்களாக வாயை மூடினார்கள். வாசலில் நின்ற சிப்பாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கப்டன் கையிலிருந்த தாளை மேசையில் வைத்தார்.

"இரகசியக் குறியீடு வைத்திருப்பவர்கள் அதன் எண்ணுக்காகச் சண்டை பிடிக்க மாட்டார்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "படத்தைத் தரமாட்டேன். இனிமேல் எந்தப் படமும் கீற வேண்டாம் என்று அவனிடம் சொல்."

கையெழுத்து வாங்கிக்கொண்டு மாலையில் விட்டார்கள். வாசலில் நின்ற ஜோசப்பின் தம்பியின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அழுதாள். நடந்ததைக் கேட்டபிறகு அழுகையை நிறுத்தி, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அங்க நிண்டும் தோணிச் சண்டையா? உங்கள ரெண்டு பேரையும் நான் என்ன செய்யிற?"

வீடு வந்து சேர்ந்ததும் வாசல் படலையடியில் நோபேட் நின்றான்.

"அண்டைக்குச் சொன்னது பிழை," என்றான். "ஊருக்குப் போறதுக்கு விலை போடுறீங்க எண்டு."

"அது பிழையில்ல," என்றாள் கண்ணகை. "சொன்ன விதம்தான்."

அதற்குப் பின் பல வாரங்கள் நோபேட் பென்சிலைத் தொடவில்லை. மணிக்கட்டு ஆறியது; ஆனால் தெருவில் வாகனம் நின்றால் அவன் பின்வளவுக்குப் போய்விடுவான். கண்ணகை விளையாட்டைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. பள்ளியிலிருந்து வந்து, அவனோடு கிணற்றடியில் உட்கார்ந்து, அன்று வகுப்பில் நடந்ததைச் சொல்வாள். சில நாள் அவன் சிரிப்பான். ஜோசப்பின் மூன்று கோப்பைத் தேநீரையும் அங்கேயே கொண்டுவந்து வைக்கப் பழகிவிட்டாள்.

ஒருநாள் அவன் தானாகவே கேட்டான்.

"தோணிக்கு எட்டுப் போடுவமா?"

அவள் உடனே சம்மதிக்கவில்லை. "எனக்காக ஏத்த வேணாம். நானும் யோசிச்சுப் பாத்தன். விலையில பிழை இல்ல, விதியிலதான் பிழை. ஓடுற தோணியில நிண்டு ஆர் அம்பு எய்ற? எங்கட ஊரில வலை வீசுற ஆள்கூட தோணிய நிப்பாட்டித்தான் வீசுவார்."

நோபேட் தண்ணீர் வாளியைத் தள்ளி வைத்தான். "அப்ப நகர்ந்த முறையில எய்யேலாது. நிண்ட முறையில மட்டும்."

"ஓம். நிக்கிற தோணியக் கரையில இருந்து அடிக்கவும் ஏலும்."

அவன் எழுந்து உள்ளே போனான். திரும்பி வரும்போது ஜோசப்பினின் தையல் சோக்குக்கட்டி கையில் இருந்தது. கிணற்றுக்கட்டின் சீமெந்தில் ஆறு பக்கக் கட்டங்களைக் கீறினான். வாளித் தண்ணீர் ஊற்றினால் அழிந்துபோகும் படம். அதன் பிறகு எப்போதும் அப்படித்தான் விளையாடினார்கள், முடிந்ததும் கழுவிவிடுவார்கள். புது விதியோடு நாலைந்து ஆட்டம் ஆடிய பின் தோணிக்கு மீண்டும் ஏலம் வைத்தார்கள். இரண்டு துண்டையும் ஜோசப்பினிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள்.

"ரெண்டிலயும் ஏழு எண்டு கிடக்கு," என்றாள் அவள். "இனி என்னத்துக்குச் சண்டை பிடிக்கப் போறீங்க?"

தொண்ணூற்றைந்து தை மாதம் சண்டை நிறுத்தம் வந்தது. எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் மண்முனைத் துறையில் சனம் நெரிசலாக நின்றது. கண்ணகையும் நோபேட்டும் ஜோசப்பினும் கல்யாணப் பேச்சோடு ஒரே மிதவைப் பாதையில் ஏறி வாவியைக் கடந்தார்கள். கண்ணகையின் தகப்பன் இளையதம்பி, வேதக்கார மாப்பிள்ளை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் பின்வாங்கவில்லை. தாய் சோறு போட்டாள். மூன்றாம் முறை போனபோது இளையதம்பி, வயல்வட்டையில் வாய்க்கால் எங்கே உடைந்து கிடக்கிறது என்று நோபேட்டைக் கூட்டிப்போய்க் காட்டினார். அணை எந்தப் பக்கம் எழுப்பலாம் என்று அவன் வயல் வரம்பில் குச்சியால் கீறினான். அதுதான் சம்மதம் என்று கண்ணகையின் தாய் ஜோசப்பினுக்குச் சொன்னாள். பங்குனியில் பதிவுத் திருமணம் நடந்தது.

அதே மாதம் பாடசாலையில் ஆசிரியர்களுக்கு ஒரு போட்டி வைக்கலாமென்று கண்ணகை அதிபரிடம் அனுமதி கேட்டாள். ஒரு பழைய கரும்பலகையைப் படுக்கப் போட்டு நோபேட் நாட்டைக் கீறினான். விலைகளைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டினான். ஒரு வருடத்துக்கு மேலாகத் திருத்திய விலைகள். இனி யாரும் குறை சொல்ல ஏலாது என்று அவனுக்கு நம்பிக்கை இருந்தது.

செட்டிபாளையத்திலிருந்து வந்து படிப்பிக்கும் சங்கீத ஆசிரியை சீதேவிப்பிள்ளை, விதிகளை ஒருமுறை பொறுமையாகக் கேட்டார். பிறகு நூறு புள்ளிக்கும் காலாளையே வாங்கினார். முப்பத்துமூன்று புளியங்கொட்டைகள். அவற்றைத் துறையிலிருந்து மலைவரை வரிசையாக அடுக்கினார். எதிரே ஆடிய ஆசிரியர் இராசதுரை சேரின் யானைக்குக் கால் வைக்க ஒரு கட்டம் இல்லை. குதிரைக்கு வழி இல்லை. தோணியைக் கரையில் இறக்க இடமில்லை.

"இப்ப நான் என்ன செய்யிற?" என்று இராசதுரை சேர் நோபேட்டிடம் கேட்டார்.

நோபேட் பலகையைச் சுற்றி ஒருதரம் நடந்து வந்தான். சுற்றி நின்ற ஆசிரியர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். கண்ணகை சுவரில் ஒட்டியிருந்த விலைகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை மாதமும் காலாளின் அந்த மூன்று புள்ளியை மட்டும் அவர்கள் ஏலத்தில் வைத்ததே இல்லை.

"காலாளுக்கு நாலு போட்டா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நாலு போட்டா யானைக்குப் பக்கத்தில ஆர் நிக்கிற? யானை விலையும் மாறும்."

"அப்ப எல்லாம் மாறும்."

"ஓம், எல்லாம்தான்," என்றாள் கண்ணகை. அவள் சுவரிலிருந்து தாளைக் கழற்றி மறுபக்கம் திருப்பி மேசையில் வைத்தாள். சீதேவிப்பிள்ளை ரீச்சருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். "இருங்க ரீச்சர். இது உங்களுக்கு என்னெண்டு தோணிச்செண்டு முதல்ல சொல்லுங்க."